‘ஓட்டம்’ என்னும் தொழிற்பெயர்: பொருட்பரப்பும் பிள்ளையார்பாளைய நெசவுச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

இயக்கத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களுள் ‘ஓட்டம்’ மிகுந்த ஆட்சி உடையது. ‘ஓடு’ என்னும் தன்வினையிலிருந்தும் ‘ஓட்டு’ என்னும் பிறவினையிலிருந்தும் ஒரே வடிவில் இச்சொல்லைப் பெற இடமுண்டு. இதனால் இயக்கத்தைச் செய்விப்பவர் இச்சொல்லுள் மறைந்துபோகும் நிலை ஏற்படுகிறது. இதனைக் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்திற்குரிய நெசவு, கோயில் வழக்குகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓட்டம், தன்வினை, பிறவினை, பாவோட்டுதல், தேரோட்டம், தொழில்சார் வழக்கு.

முன்னுரை

கயிலாசநாதர் கோயிலை அருகில் கொண்ட பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செறிந்த பகுதிகளுள் ஒன்று. தறியும் தேரும் ஒருங்கே வாழ்வில் இடம்பெறும் இத்தகைய ஊர்களில் இயக்கம் குறித்த சொற்கள் பொதுப்பொருளோடு நில்லாமல் தொழிற்பொருளும் ஏற்கின்றன. அகராதி தரும் ஒருபொருட் பன்மொழிப் பட்டியல் மட்டும் இவ்வேறுபாட்டைக் காட்டாது. சொல் யாருடைய செயலைக் குறிக்கிறது என்ற வினாவையும் உடன் எழுப்ப வேண்டியுள்ளது.

சொல்லமைப்பு

தொழிற்பெயர் விகுதிகளுள் ‘அம்’ என்பதும் ஒன்று. ஓடு + அம் எனக் கொண்டால், டகர ஒற்று இரட்டி ‘ஓட்டம்’ ஆகும். அதே இரட்டிப்பால் ‘ஓடு’ என்பது ‘ஓட்டு’ எனப் பிறவினையாகிறது. அதனோடு ‘அம்’ சேரினும் ‘ஓட்டம்’ என்றே முடியும். மாறு, மாற்று ஆகிய இரண்டிற்கும் ‘மாற்றம்’ பொருந்துவதும், ஆடு, ஆட்டு ஆகிய இரண்டிற்கும் ‘ஆட்டம்’ பொருந்துவதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. வினையில் தெளிவாக நிற்கும் தன்வினை, பிறவினை வேறுபாடு பெயரில் மங்கிவிடுகிறது.

ஒருபொருட் சொற்களும் அவற்றின் எல்லையும்

ஓட்டம், நடை, போக்கு, செலவு, பாய்ச்சல், இயக்கம் ஆகியன இயக்கம் என்னும் பொதுப்பொருளில் ஒன்றுபடினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நில்லாது. ‘இரத்த ஓட்டம்’ என்பதனை ‘இரத்த நடை’ எனல் வழக்கன்று. ‘கோயில் நடை சாத்தப்பட்டது’ என்னுமிடத்தில் ‘நடை’ இயக்கத்தை விட்டு நீங்கி வாயிலைக் குறிக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவனின் பயணத்தைக் குறித்த ‘செலவு’ இன்று பணம் வெளிச்செல்வதையே பெரிதும் குறிக்கிறது. ‘இயக்கம்’ அரசியல் அமைப்பின் பெயராகவும் வளர்ந்துள்ளது. ‘ஓட்டம்’ மட்டும் நீர், காற்று, குருதி, மின்சாரம், எண்ணம் எனப் பருப்பொருளிலும் நுண்பொருளிலும் தொடர்ச்சி என்னும் பொருட்கூறு குன்றாமல் நிலைத்திருக்கிறது.

‘கண்ணோட்டம்’ தனித்து நோக்கத்தக்கது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் தலைப்பாக அமைந்த இச்சொல், அங்கே பிறர்மீது இரக்கத்துடன் கண் செல்லுதலைக் குறிக்கிறது. இக்கால உரைநடையில் ‘பெண்ணியக் கண்ணோட்டம்’, ‘வரலாற்றுக் கண்ணோட்டம்’ எனப் பார்க்கும் நிலைப்பாட்டைக் குறிக்கிறது. பிறரை நோக்கிச் சென்ற கண், காண்பவரின் நிலையைச் சுட்டுவதாகத் திரும்பியுள்ளது.

துணைவினை வழி வேறுபாடு

ஓட்டம் தானே நிகழ்வதா, நிகழ்த்தப்படுவதா என்பதனை அச்சொல் ஏற்கும் துணைவினை காட்டிக்கொடுக்கிறது. நீரோட்டமும் காற்றோட்டமும் ‘இருக்கின்றன’. அவற்றை ஒருவர் ‘நடத்தினார்’ எனல் பொருந்தாது. தேரோட்டமோ ‘நடத்தப்படுகிறது’. புதிய தேருக்கோ கப்பலுக்கோ வெள்ளோட்டம் ‘விடுகிறோம்’, ‘பார்க்கிறோம்’. பெயரில் மறைந்த வினைமுதல் துணைவினையில் வெளிப்படுகிறது.

காஞ்சிபுரம் வரதராசப்பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாத் தேரோட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ‘தேரினது ஓட்டம்’ என விரித்தால் தேரே ஓடுவதாகும். உண்மையில் தேர் வடம் பிடிப்போரால் இழுக்கப்படுகிறது; சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரால் திருப்பவும் நிறுத்தவும் படுகிறது. ‘முட்டுக்கட்டை’ பொதுவழக்கில் தடை என்னும் இழிபொருளையே பெற்றிருக்கிறது. தேர் வழிதவறாமல் நிலைக்குத் திரும்பக் காரணமான தொழில்நுட்பம் அச்சொல்லின் பொதுப்பொருளில் இடம்பெறவில்லை.

நெசவு வழக்கில் ஓட்டம்

நெசவில் நீளவாட்டில் அமையும் இழைத்தொகுதி பாவு. குறுக்கே செல்லும் இழை ஊடை. பாவுக்குரிய இழைகளை எண்ணி, ஒழுங்குபட நீட்டி அமைத்தல் ‘பாவோட்டுதல்’ எனப்படும். முளைகளுக்கிடையே நூலை ஏந்தி முன்னும் பின்னும் பலமுறை நடந்தே பழைய முறையில் பாவு அமைக்கப்பட்டது. அங்கு நூல் ஓடியது எனின், ஒருவர் கால் ஓயாமல் நடந்ததால் ஓடியது என்பதே பொருள். ‘பாவோடுதல்’ என்பது இங்குமங்குமாகத் திரும்பத் திரும்ப அலைதலையும் குறிப்பது இத்தொழிலனுபவத்தின் விரிவே எனலாம். தோணியைக் குறிக்கும் ‘ஓடம்’ நெசவு நாடாவையும் குறிக்கும் என்பதனையும் இங்கு இணைத்து நோக்கலாம். உரைநடையாளர் பெரிதும் ஆளும் ‘இழையோடுதல்’ என்னும் உருவகமும் நூலிலிருந்தே எழுந்தது.

காஞ்சிப் பட்டின் சிறப்பாகிய கோர்வை முறையில், உடற்பகுதிக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடாக்களாக மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. ஒரு பக்கக் கரையின் நாடாவைச் செலுத்த நெசவாளருடன் துணையாள் ஒருவர் தேவை. ‘நாடா ஓடுகிறது’ என்ற ஒரே தொடருக்குள் இருவரின் கைகள் அடங்கியுள்ளன.

தறி குறித்த வினைகளிலும் நுட்பமான வேறுபாடு உண்டு. கைத்தறியாளர் ‘நெய்கிறார்’, விசைத்தறித் தொழிலாளர் ‘தறி ஓட்டுகிறார்’. முன்னதில் துணி உருவாதலும் பின்னதில் இயந்திரம் இயங்குதலும் முதன்மை பெறுகின்றன. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என எதிர்மறையில் வரையறுக்கிறது. மக்கள் வழக்கோ தொழிலாளியின் வினையைக் கொண்டு இரண்டையும் உடன்பாட்டிலேயே பிரித்துக்காட்டுகிறது.

வாழ்க்கை குறித்த பேச்சுவழக்கிலும் இவ்விணை நிலைபெற்றுள்ளது. “பொழப்பு எப்படி?” என்ற வினாவுக்கு “ஏதோ ஓடுது” என்றும் “ஏதோ ஓட்டுறேன்” என்றும் விடைகள் வருவதுண்டு. முன்னதில் வாழ்க்கை தானே நகர்கிறது. பின்னதில் அதனைத் தள்ளிச்செல்பவர் தம் உழைப்பைச் சொல்லிவிடுகிறார்.

அகராதிக்குரிய கருத்துரை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அகராதிகளில் தொழிற்சொற்கள் இடம்பெறினும், அச்செயலைச் செய்வது யார், எத்தனை பேர், எக்கருவியால் என்னும் செய்திகள் பொருள்விளக்கத்தின் சுருக்கத்துள் அடங்குவதில்லை. பாவு அமைக்கும் நடையை உருளைகள் ஏற்றுக்கொள்ளும்போது ‘பாவோட்டுதல்’ எஞ்சினும் அதிலுள்ள நடை நினைவிலிருந்து நீங்கும். ஆதலின் தொழிற்சொற்களைத் தொகுப்போர் பெயர்வடிவத்துடன் அதன் தன்வினை, பிறவினை வடிவங்களையும், அது ஏற்கும் துணைவினையையும், வினைமுதலையும் சேர்த்துப் பதிவுசெய்தல் இன்றியமையாதது. நெய்யும் தலைமுறை இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

தொகுப்புரை

‘ஓட்டம்’ தன்வினை, பிறவினை இரண்டற்கும் பொதுவான வடிவம். அதன் ஒருபொருட் சொற்கள் வழக்கெல்லையால் வேறுபடுகின்றன. துணைவினைகளும் பேச்சுவழக்கும் மறைந்த வினைமுதலை மீட்டுத் தருகின்றன. நெசவு வழக்கில் இவ்வினைமுதல் பெரும்பாலும் உழைக்கும் கையும் காலுமே ஆகும். எனவே இச்சொல்லின் பொருளாய்வு, இலக்கணத்தோடு தொழில் வரலாற்றையும் துணைக்கொள்ளும்போதே நிறைவு பெறும்.