இருபதுகளில் முதுகெலும்புத் தேய்மானம்: காரணத்தைத் தேடுவது எப்படி?

முதுகுவலி விடவில்லையே என்று எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ‘பல இடங்களில் டிஸ்க் தேய்மானம்’ என்று அறிக்கை வருகிறது. வயதோ இருபத்தாறு. வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், “வெயிட் தூக்காதீங்க, பைக்கைக் குறைச்சுக்கோங்க” என்ற அறிவுரை எல்லாம் கிடைக்கின்றன. ‘இந்த வயதில் எனக்கு ஏன்?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைப்பதில்லை.

இளம் வயதினரிடம் தெரியும் தேய்மானத்தில் பெரும்பங்கு ஆபத்தில்லாதது. சிறு பங்கு மட்டும், தனிச் சிகிச்சை தேவைப்படும் வேறொரு நோயின் தடயம். அந்தச் சிறு பங்கில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ட பரிசோதனைகளையும் எடுத்துக் குவிக்காமல், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. அவசரமா என்று முதலில் பாருங்கள்

சிறுநீர் வரவில்லை அல்லது அடக்க முடியவில்லை, மலம் கட்டுப்பாட்டில் இல்லை, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுகிறது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை.

மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை இருந்தால் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

2. ஸ்கேன் அறிக்கைக்கு உரிய மதிப்பை மட்டும் கொடுங்கள்

முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. வலியில்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 30 வயதினரில் 52 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஆகவே கீழ் முதுகில் எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற இரண்டு இடங்களில் லேசான தேய்மானம் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை வேறு. டிஸ்க்கில் சுண்ணாம்பு படிந்திருப்பது. டிஸ்க்கை ஒட்டிய எலும்பு அரித்து, மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது. முதுகின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து மூன்று எலும்புகள் ஆப்பு வடிவில் சரிந்திருப்பது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுவதும் வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரிவது. இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். காகித அறிக்கையோடு படங்கள் உள்ள சி.டி.யையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மருத்துவருக்குப் படம்தான் தேவைப்படும்.

3. ஒரே பக்கத்தில் உங்கள் வலியின் கதையை எழுதுங்கள்

செலவே இல்லாத வேலை, பலன் அதிகம். ஐந்து நிமிடச் சந்திப்பில் வாய் மறப்பதைக் காகிதம் மறக்காது. இப்படி எழுதலாம்:

*வயது 26, கணினி வேலை. 23 வயதில் வலி மெல்ல மெல்லத் தொடங்கியது, அடிபடவில்லை. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரம் முதுகு விறைப்பு. நடந்தால் தேவலை, ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தால் மோசம். பின்னிரவு 3 மணிக்கு வலி எழுப்பிவிடும். பிட்டத்தில் ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம். இரண்டு ஆண்டுக்கு முன் வலது கண் சிவந்து வலித்தது. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பெரியப்பாவுக்கு நாற்பது வயதிலேயே முதுகு கூனிவிட்டது. வலி மாத்திரை போட்டால் ஒரே நாளில் குணம் தெரியும்.*

ஸ்கேன் அறிக்கையில் இதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் இதைப் படிக்கும் மருத்துவர் தேய்மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதுகெலும்பு அழற்சி நோயான அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸைத்தான் முதலில் சந்தேகிப்பார். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது, ஓய்வில் கூடி அசைவில் குறைவது, காலை விறைப்பு, பின்னிரவு வலி எல்லாம் அதன் குணங்கள். மாறாக, காலையில் தெம்பாக எழுந்து, உட்கார உட்கார, குனிய நிமிர வலி கூடி, படுத்தால் குறைந்தால் அது பெரும்பாலும் தசை, டிஸ்க், மூட்டுகளின் இயக்கத்தால் வரும் வலி.

4. முதுகை விட்டு மற்ற உறுப்புகளையும் பாருங்கள்

காரணத்தின் தடயம் பெரும்பாலும் முதுகுக்கு வெளியேதான் கிடக்கும்.

- கண், தோல், குடல்: அடிக்கடி கண் சிவப்பு, சொரியாசிஸ், நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருந்தால் அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும்.
- மூட்டுத் தளர்ச்சி: கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்காலை மடக்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா? இப்படிப்பட்ட சோதனைகளுக்கு மதிப்பெண் போடும் பெய்ட்டன் அளவில் 9-க்கு 5 அல்லது மேல் வந்தால் இணைப்புத் திசுக் கோளாறைப் பற்றிக் கேளுங்கள். மிக உயரமும் நீண்ட விரல்களும் கண் வில்லைக் கோளாறும் சேர்ந்திருந்தால் மார்ஃபான் நோயா என்று பார்க்க வேண்டும். அதில் இதயத்தின் மகாதமனியையும் எக்கோ எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.
- சிறுநீர்: காற்றுப்படச் சில மணி நேரம் வைத்தால் கறுத்துப்போகிறதா? காது மடலிலோ கண் வெள்ளையிலோ கருமை உண்டா? அல்காப்டோனூரியா என்ற பரம்பரை நோயில் டிஸ்க்குகள் சீக்கிரமே சுண்ணாம்பாகும். முதுகுவலி பெரும்பாலும் முப்பதுகளில் தலைகாட்டும். அரிதான நோய்தான், ஆனால் தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் இதற்கான மரபணு மாற்றம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.
- குடிநீர்: தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவரா? பற்களில் பழுப்புக் கறை, முதுகு இறுகிப்போதல், எக்ஸ்ரேயில் எலும்பு வெளுத்துத் தடித்தல் ஆகியவை ஃபுளூரோசிஸின் அடையாளங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம்.
- தொற்று: வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? காய்ச்சாத பால் குடிக்கும் பழக்கம், மாடுகளோடு வேலை உண்டா? முதுகெலும்புக் காசநோயும் புரூசெல்லா தொற்றும் தேய்மானம் போலவே தோற்றம் காட்டும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
- விளையாட்டு: பதின்ம வயதில் வேகப்பந்து வீசியவரா, ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவரா? முதுகெலும்பின் பின்வளைவில் அழுத்த முறிவு இருந்திருக்கலாம்.

5. பரிசோதனையைச் சந்தேகத்துக்குப் பின்னால் வையுங்கள்

அடிப்படைக்கு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, சர்க்கரை போதும். மற்றவை நான்காம் படியில் கிடைத்த தடயத்தைப் பொறுத்தவை.

அழற்சிச் சந்தேகம் என்றால் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்கூறுக்கான சோதனையும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுகளுக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். வழக்கமான இடுப்பு முதுகு எம்.ஆர்.ஐ.யில் அந்த மூட்டுகள் முழுதாகத் தெரியாது. சி.ஆர்.பி. சரியாக இருந்தால் அழற்சி இல்லை என்று அர்த்தமில்லை. பி27 இருந்தால் நோய் உறுதி என்பதும் இல்லை. அந்தக் கூறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே கிடையாது.

தொற்றுச் சந்தேகம் என்றால் ஊசி வழியாகத் திசு எடுத்துச் சோதிப்பார்கள். அல்காப்டோனூரியாவுக்குச் சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலம் பார்ப்பார்கள். எலும்பு அடர்த்திச் சோதனை எடுத்தால், ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்குச் சம வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். டி மதிப்பை வைத்துப் பயப்பட வேண்டாம்.

6. சரியான மருத்துவரிடம் சரியான கேள்வியோடு போங்கள்

ஆர்த்தோ மருத்துவர் எலும்பையும் நரம்பு நசுங்குவதையும் பார்ப்பார். அழற்சியைப் பார்ப்பவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாதநோய் மருத்துவர். மூட்டுத் தளர்ச்சியும் குடும்ப வரலாறும் இருந்தால் மரபணு மருத்துவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்த் துறை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் வாதநோய், மரபணு மருத்துவம் இரண்டுமே உண்டு.

எழுதிய பக்கத்தை நீட்டிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். “டாக்டர், என் வயசுக்கு இந்தத் தேய்மானம் அதிகம்தானா?” “அழற்சி, தொற்று, பரம்பரை நோய் இந்த மூணும் இல்லைன்னு எதை வச்சுச் சொல்லலாம்?” “எது நடந்தா நான் உடனே திரும்பி வரணும்?” பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

7. ஒன்றும் அகப்படாவிட்டால்

பலருக்கு முடிவு இதுதான். ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்து 1990-களில் நடந்த ஆய்வுகள், டிஸ்க் தேய்மானத்தில் பாரம் தூக்கும் வேலையையும் வண்டி ஓட்டுவதையும்விடப் பரம்பரைக்கே மிகப் பெரிய பங்கு என்று காட்டின. ஆக, ‘பைக் ஓட்டியதால்தான்’ என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அது பிழைக்கிறது. புகைப்பழக்கம் அந்த ஊற்றைக் கெடுக்கும், அதனால் முதலில் அதை விடுங்கள். தினமும் நடங்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் முதுகு, வயிற்றுத் தசைப் பயிற்சிகளைச் செய்யுங்கள். பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டாதீர்கள், தசை தளர்ந்துவிடும். நாள் கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பது வலியை நீட்டிக்கவே செய்யும்.

‘டிஸ்க்கை மறுபடி வளர்க்கிறோம்’ என்று விற்கும் பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். நரம்பு நசுங்கல், தொற்று, எலும்பு நிலைகுலைவு இல்லாமல் அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். புது அறிகுறி வந்தாலொழிய எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்கவும் தேவையில்லை.

அழற்சி, தொற்று, பரம்பரை நோய் மூன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் அதுவும் ஒரு விடைதான். அதற்கு மேல் ஸ்கேன் மையங்களுக்கு அலைவதை விட்டு, அந்தப் பணத்தையும் நேரத்தையும் உடற்பயிற்சிக்குக் கொடுங்கள்.