இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலி: வீட்டில் நாம் செய்யக்கூடியவை

பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒருவருக்கு வருகிறது. ஊரிலிருந்து வந்த பெற்றோரின் 23 கிலோ பெட்டியைக் கார் டிக்கியில் தூக்கி வைக்கும்போது இன்னொருவருக்கு வருகிறது. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டு எழும்போது வருபவர்களும் நம்மிடையே உண்டு. இடுப்பில் பிடித்த வலி புட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் மின்சாரம் பாய்ந்தது போல் சுண்டி இழுக்கும். இதை வாயுப்பிடிப்பு என்றும், குடைச்சல் என்றும் வீட்டில் சொல்வார்கள். மருத்துவர்கள் சயாட்டிகா என்கிறார்கள். இர்விங்கில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இந்த வலியைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

ஏன் வருகிறது?

நம் உடலிலேயே தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்புதான். கீழ் முதுகிலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரு விரல் தடிமனில் கால் நோக்கி இறங்குகின்றன. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி ஒரு வேரைத் தொட்டால், நசுங்குவது இடுப்பில், வலிப்பதோ காலில். இதை 1934-இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

வயதானவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். எலும்பு தேய்ந்து, நரம்பு செல்லும் பாதை குறுகியிருக்கும். நடந்தால் கால் கடுக்கும்; உட்கார்ந்தால் குறையும். கடையில் தள்ளுவண்டியின் மேல் குனிந்தபடி அப்பா சுகமாக நடக்கிறார், நிமிர்ந்து நடந்தால் நின்றுவிடுகிறார் என்றால் இதுவாக இருக்கலாம்.

படுத்தே இருக்கலாமா?

"பதினைந்து நாள் அசையாமல் படு" என்பது பழைய அறிவுரை. நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 1999-இல் வெளிவந்த முடிவு: 12 வாரங்களில் இரு பிரிவிலும் 87 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்திருந்ததால் தனிப் பலன் ஏதும் கிடைக்கவில்லை. எனவே வலி தாங்க முடியாத நேரத்தில் படுங்கள். மற்ற நேரத்தில் வீட்டுக்குள்ளாவது நடங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. படுக்கும் முறை: மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.

2. ஒத்தடம்: வெந்நீர்ப் பையோ ஐஸ் பையோ, எது இதமாக இருக்கிறதோ அதைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். பையின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வையுங்கள்.

3. நடை: ஒரு நாளைக்குப் பல முறை, ஐந்து பத்து நிமிடங்கள் போதும். வலி குறையக் குறைய நேரத்தைக் கூட்டுங்கள். கோடையில் வெயில் கொளுத்தும்போது மாலுக்குள்ளேயே நடக்கலாம்.

4. உட்காருதல்: அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்துவிடுங்கள். வலி உள்ளவரை தரையில் சம்மணம் போடுவதும், குனிந்து கனம் தூக்குவதும் வேண்டாம்.

5. பயிற்சி: நியூசிலாந்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்ஸி, 1956-இல் ஒரு நோயாளி தற்செயலாக முதுகு பின்னால் வளைந்த நிலையில் குப்புறப் படுத்திருந்ததையும், அதன்பின் அவருடைய கால்வலி குறைந்ததையும் கவனித்தார். அதிலிருந்து பிறந்த பயிற்சி இது. இரண்டு நிமிடம் குப்புறப் படுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். புஜங்காசனத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறினால் நல்ல அறிகுறி, தொடரலாம். வலி பாதம் நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

தள்ளுவண்டியில் குனிந்தால் சுகம் காணும் பெரியவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது. அவர்கள் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மெல்ல மார்பை நோக்கி இழுக்கலாம். மகனுக்குக் குணமானது என்பதற்காக அப்பாவுக்கும் அதையே கற்றுக்கொடுக்காதீர்கள்.

தைலம் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும், பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் வேண்டாம்.

மாத்திரையும் ஸ்கேனும்

ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் போன்றவை சிலருக்கு ஓரளவு உதவும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரையோடு இங்கே வாங்கியதையும் சேர்த்து விழுங்குவது ஆபத்து.

ஸ்கேனுக்கும் அவசரம் வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் புடைத்திருந்ததாக 1994-இல் ஓர் ஆய்வு சொன்னது. படத்தைப் பார்த்து பயப்படத் தேவையில்லை.

ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினால் அன்றே காட்டுங்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், டாக்டர் சீட்டு இல்லாமலே குறிப்பிட்ட நாட்களுக்கு பிசிகல் தெரபிஸ்டிடம் சிகிச்சை பெறலாம். இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்கம் பார்க்காமல் கேட்க வேண்டிய கேள்வி

அரிதாக, டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி, தண்டுவடத்துக்குக் கீழே உள்ள நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்கிவிடும். அதன் அறிகுறிகள்: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் 911-ஐ அழையுங்கள். அர்ஜென்ட் கேர் போதாது. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரக் குறையில் முடியலாம்.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல் இருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா, மகனிடமோ மருமகனிடமோ இதைச் சொல்லமாட்டார். "பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். மகளோ மருமகளோ தனியே உட்கார்ந்து, "அம்மா, பாத்ரூம் சரியாகப் போகிறதா? அங்கே மரத்துப்போன மாதிரி இருக்கிறதா?" என்று தினம் ஒருமுறை கேளுங்கள். எமர்ஜென்ஸியில் இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காகப் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் வரத்தான் செய்யும். அதைப் பிறகு பேசி, தவணையில் கட்டிக்கொள்ளலாம். போன நரம்பைத் தவணையில் வாங்க முடியாது.

பெரும்பாலோருக்கு இந்த வலி சில வாரங்களில் தானே அடங்கும். அதுவரை பொறுமையாக நடப்போம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.