எண்ணிச் செல்லும் வண்டி

துள்ளி ஓடிவரும் கன்று, எதிரே தூணைக் கண்டதும் விலகிச் செல்கிறது. அவ்வாறு விலகுமாறு அதற்கு எவரும் கற்பித்திலர். இவ்வெளிய செயலை ஓர் இயந்திரத்திற்குக் கற்பிக்கப் புகுந்த மாணவர் ஒருவர், தம் இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளை அம்முயற்சியிற் கழித்தார். அவர் பெயர் ஹான்ஸ் மொராவெக். ஆஸ்திரியாவிற் பிறந்து கனடாவில் வளர்ந்த அவர், 1971-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், டாக்டர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே பழைய வண்டி ஒன்று இருந்தது. சிறு மேசையளவினதாகிய அதற்கு மிதிவண்டிச் சக்கரங்கள் நான்கு. நிலவிற்கு ஒரு வண்டியை அனுப்பிப் பூமியிலிருந்தே அதனை ஓட்டுதல் கூடுமா என்று ஆராய்தற்பொருட்டு, 1960-ஆம் ஆண்டையொட்டிப் பொறியியல் மாணவர் ஒருவர் அதனை அமைத்திருந்தார். நிலவில் வண்டி காணும் காட்சி நம்மை அடைந்து, நம் கட்டளை மீண்டும் அங்குச் சேர்வதற்குள் இரண்டரை நொடிக்குமேற் கழிந்துவிடும். அதற்குள் வண்டி பள்ளத்தில் வீழ்ந்தாலும் வீழலாம். தானே கண்டு தானே வழிவகுத்துச் செல்லும் வண்டியாயின் அவ்விடர் இராதன்றோ? அத்தகைய வண்டியாக அதனை ஆக்குவதே மொராவெக் மேற்கொண்ட பணி. இடையில் ஒருமுறை வண்டி சரிவுமேடையினின்று கவிழ்ந்து, மின்கலத்தின் அமிலம் கருவிகளெங்கும் பரவிற்று. அவர் அதனைச் செப்பனிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார்.

அவ்வண்டிக்குக் கண் ஒன்றே. அது வண்டியின்மேற் பொருத்திய தொலைக்காட்சிப் படக்கருவி. மூளையோ வண்டியில் இல்லை; ஆய்வுக்கூடத்தினுள் இருந்த பெரிய கணிப்பொறியே அது. இரண்டனையும் வானொலி அலைகள் இணைத்தன. ஒற்றைக் கண்ணால் தொலைவை அளந்தறிதல் எங்ஙனம்? புகைவண்டியிற் செல்லும்போது அருகிலுள்ள தந்திக்கம்பங்கள் விரைந்து பின்னோடுகின்றன. தொலைவிலுள்ள மலையோ பெயராததுபோல் நிற்கின்றது. இவ்வியல்பையே மொராவெக் பயன்கொண்டார். படக்கருவி ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள தண்டின்மீது பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்பது இடங்களில் நின்று ஒன்பது படங்கள் எடுக்கும். ஒரு நாற்காலியின் முனை அப்படங்களில் எவ்வளவு இடம்பெயர்ந்துள்ளது என்று ஒப்பிட்டு, அதன் தொலைவைக் கணிப்பொறி கணித்துவிடும்.

அடுத்தது வழிவகுத்தல். தடையாக நிற்கும் ஒவ்வொரு பொருளையும் தரையில் வரைந்த ஒரு வட்டமாகக் கணிப்பொறி கருதிக்கொள்ளும். பல தூண்கள் நிற்கும் மண்டபத்தில், இங்கிருந்து அம்மூலைக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது எவ்வாறு கிடக்கும்? வெளியிடங்களில் நேராகவும், தூணைத் தொடுமிடத்தில் வளைந்தும் கிடக்கும். அத்தகைய வழிகள் பலவற்றுள் மிகக் குறுகியதைத் தேர்ந்தெடுப்பதே வண்டியின் திட்டம். ஆயினும் வகுத்த வழி முழுவதையும் அது ஒருங்கே கடப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவு சென்று நின்றுவிடும். மீண்டும் ஒன்பது படங்களெடுத்து, முன்பு கண்டவற்றைத் திருத்திப் புதிய வழி வகுக்கும். இவ்வாறு ஒரு மீட்டர் கடக்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆயிற்று. வண்டி சிந்தித்தது என்று இதனைக் கூறுவாரும் உளர். அஃறிணைப் பொருள்மேல் உயர்திணைத் தொழிலை ஏற்றிக் கூறுதல் நம் மொழிக்குப் புதிதன்று; எனினும் இவ்விடத்துக் கணக்கிட்டது என்பதே சாலப் பொருந்தும்.

1979-ஆம் ஆண்டில், நாற்காலிகள் பரப்பிய அறையொன்றை அவ்வண்டி மனிதர் துணையின்றிக் கடந்தது. தொலைவு இருபது மீட்டர். கழிந்த காலம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாம் நடந்தால் அரை நிமிடத்திற் கடந்துவிடுவோம். ஆயினும் மூன்று நான்கு இடங்களில் தடைகளை உணர்ந்து அது வளைந்து சென்றது என்பதே வியப்பிற்குரியது.

வெட்டவெளியிலோ நிலைமை வேறாயிற்று. அங்கு இரண்டு தடைகளை விலகிச் சென்ற வண்டி, மூன்றாவதன்மேல் மோதிற்று. கண்கூசும் ஒளியும் கரிய நிழலும் அடுத்தடுத்து நின்றமையாற் படங்கள் தெளிவாக அமையவில்லை. அஃதன்றி, வண்டி ஊர்ந்து செல்லும் நெடும்பொழுதில் கதிரவன் வானில் நகர, நிழல்களும் தரையில் நகர்ந்தன. நிழலின் விளிம்பையும் ஒரு பொருளின் விளிம்பாகவே கொள்ளும் கணிப்பொறிக்கு, நேற்றுவரை அசையாதிருந்த உலகம் அன்று அசையலாயிற்று. திட்டம் வகுக்கும் முறை செவ்விதாயினும், காட்சி பிழைத்தபோது திட்டமும் பிழைத்தது.

1980-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வேட்டில், அறையினுட் பெற்ற வெற்றியோடு வெளியில் நேர்ந்த இம்மோதலையும் அதன் காரணங்களையும் மொராவெக் ஒளியாது எழுதினார். பட்டத்திற்காக எழுதும் ஏட்டில் தம் வண்டி மோதியதைத் தாமே உரைக்க நெஞ்சுரம் வேண்டும். பல்லாண்டுகள் விடைத்தாள்களைத் திருத்தி, அடித்தெழுதி மறைத்த பிழைகளையே மிகுதியும் கண்டு பழகிய எனக்கு, அவ்வேட்டில் மிகவும் உவப்பாயிருப்பது அப்பகுதியே.

அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பின்னர் அவர் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, வேறு வண்டிகளை அமைத்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். பழைய வண்டியோ கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.