பூனைக்கும் உண்டு பத்தியம்

முன்னுரை

காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி, வயிறு கெட்டவருக்கு மோர், பிள்ளை பெற்ற தாய்க்குப் பூண்டுக் குழம்பு என்று உடல்நிலைக்கு ஏற்ற உணவைப் பத்தியம் என்ற பெயரால் வகுத்து வைத்தவர்கள் நம் முன்னோர். நம் பாட்டிமார் ஒவ்வொருவரும் இக்கலையில் வல்லவர்களே. ஆனால் நம்மை அண்டி வாழும் பூனைக்கு வயிறு கெட்டால் என்ன பத்தியம் கொடுப்பது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் செய்த பிழையால் ஓர் உயிரை இழக்க இருந்தோம். அந்தப் பிழையையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் தோழியருக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனுவுக்கு வந்த நோய்

எங்கள் விடுதியின் பண்டக அறைக்கு மீனு என்ற பூனையே காவல். அரிசி மூட்டைகளை எலி கடிக்காமல் மூன்று ஆண்டுகளாகக் காத்து வருகிறது. சென்ற தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை அது இருமுறை வாந்தி எடுத்தது. வயிற்றுப் போக்கும் கண்டது. வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள் அவை. குப்பையில் கிடந்த கெட்டுப்போன எதையோ தின்றிருக்க வேண்டும் என்று எண்ணினோம்.

இரக்கப்பட்ட நாங்கள் ஒரு கிண்ணம் பால் வைத்தோம். போக்கு மிகுந்தது. மதியம் தாளித்த தயிர்ச்சாதம் வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டது. மறுநாள் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்தது, கூப்பிட்டாலும் வரவில்லை. "உடம்பு சுடுகிறது" என்று சொல்லி எங்களில் ஒருத்தி தன் பெட்டியிலிருந்த காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பொடி செய்து பாலில் கலக்கப் போனாள். நல்ல வேளையாக விடுதிச் சிஸ்டர் அதைக் கண்டு தடுத்துவிட்டார்கள். அந்தப் பாதி மாத்திரை மீனுவைக் கொன்றிருக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை மீனுவை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அந்த டாக்டர் அம்மா அதன் ஈறுகளைப் பார்த்தார். பிடரித் தோலைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தோல் உடனே கீழே படியாமல் மெதுவாக இறங்கியது. உடலில் நீர் வற்றியதற்கு அது அடையாளமாம். தோலுக்கடியில் திரவம் ஏற்றியபின் எங்களைப் பார்த்து, "நீங்கள் பத்தியம் கொடுத்தது சரிதான், பிள்ளைகளே. ஆனால் அது உங்களுக்கான பத்தியம், பூனைக்கானது இல்லை" என்றார். அன்று அவர் சொல்லியவற்றையும், பின்னர் நாங்கள் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் இனிக் காண்போம்.

பூனையின் உடல் எத்தகையது?

பூனை புலியின் இனம். இறைச்சியை உண்டே வாழும்படி அதன் உடல் அமைந்துள்ளது. நம் உமிழ்நீரில் மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதி உண்டு. பூனையின் உமிழ்நீரில் அது இல்லை. கேரட்டிலுள்ள சத்தை நம் உடல் வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அது இயலாது. டாரின் என்ற பொருளையும் பூனையால் தனக்கு வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழிந்து பார்வை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயம் வீங்கித் தளரும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

பட்டினி போடுவதும் பூனைக்கு ஆகாது. 'லங்கனம் பரம ஔஷதம்' என்று நாம் ஒருவேளை உண்ணாமல் இருந்தால் வயிறு தேறும். பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தால், அதன் உடற்கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே தீங்கு விளைக்கும். பருத்த பூனைக்கு இந்த இடர் இன்னும் அதிகம். ஆதலால் நோயுற்ற பூனையை எப்படியாவது மெல்ல மெல்ல உண்ண வைப்பதே பத்தியத்தின் முதல் நோக்கமாகும்.

நாங்கள் கொடுத்த பால் ஏன் தீங்கு செய்தது? குட்டிப் பருவம் கடந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும். கதைப் புத்தகங்களில் பூனை எப்போதும் பால் குடிக்கிறது. வயிறு கெட்ட பூனைக்கோ அது போக்கை மிகுதியாக்கும்.

பத்தியம் தயாரிக்கும் முறை

மருத்துவர் பார்த்து, "சாதாரண வயிற்றுக் கோளாறுதான், வீட்டு உணவு கொடுக்கலாம்" என்று சொன்ன பிறகே இதைச் செய்ய வேண்டும். இங்கே கூறும் அளவு ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு உரியது.

தேவையானவை: தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 150 கிராம், குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு டம்ளர்.

1. கறியைக் கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரிலிட்டு, மிதமான தீயில் இருபது நிமிடம் வேகவிடுக. உள்ளே இளஞ்சிவப்பு நிறம் சிறிதும் இருக்கக் கூடாது.

2. உப்பு, மஞ்சள், மிளகு, எண்ணெய், தாளிப்பு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. இவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். சின்ன வெங்காயம் போட்ட குழம்பில் கழுவி எடுத்த கறியும், கடையில் விற்கும் சூப்புக் கட்டியும் இதே காரணத்தால் விலக்கத் தக்கவை.

3. வெந்த கறியை எடுத்து, விரலால் நார் நாராகப் பிய்த்து வைக்கவும். பிய்க்கும்போதே எலும்புத் துணுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும்.

4. வேகவைத்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. டாரின் நீரில் கரைவது. அதில் ஒரு பகுதி அந்த நீரில்தான் இருக்கிறது. ஆறவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு நீரை வைத்துக்கொள்ளவும்.

5. மூன்று பங்கு கறிக்கு ஒரு பங்கு சோறு என்ற அளவில் கலந்து, அந்த நீரைச் சிறிது விட்டுத் தளரப் பிசையவும். நமக்குச் சோறு முதன்மை, கறி துணை. பூனைக்கு இது நேர்மாறானது. சோறு பிடிக்காத பூனைக்குக் கறியை மட்டுமே கொடுப்பதில் தவறில்லை.

ஊட்டும் முறை

முதலில் ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். வாந்தி இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி. இப்படி நாளைக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். முதல் நாள் மேற்சொன்ன அளவில் பாதி உள்ளே சென்றாலே நல்லது. இரண்டாம் நாள் முழு அளவுக்கு வரலாம்.

பூனை முகர்ந்து பார்த்தே உண்பது. குளிர்ந்த உணவில் மணம் எழாது. எனவே கைக்கு இதமான இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். அகன்ற தட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்தால் விரும்பி உண்ணும். அருகில் தனிக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாயைத் திறந்து வலியத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடும், அவ்வாறு செய்யாதிருப்போமாக.

நம் ஊர் வெயிலில் சமைத்த கறி வெகு விரைவில் கெட்டுவிடும். தட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதை எடுத்து எறிந்துவிட வேண்டும். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவை மட்டும் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கலாம்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. இந்தப் பத்தியத்துக்கும் அது பொருந்தும். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நெஞ்சுக்கறியில் டாரினும் தொடைக்கறியைவிடக் குறைவே. ஆதலால் மூன்று நாட்களில் வயிறு தேறியதும், வழக்கமான உணவில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று நான்கு நாட்களில் படிப்படியாகக் கலந்து பழைய உணவுக்கே திருப்பிவிட வேண்டும்.

இறைச்சி சமைக்காத வீடுகளில் என்ன செய்வது என்று தோழியர் கேட்கலாம். நோயுற்ற பூனைகளுக்கென்று டின்னிலும் பையிலும் அடைத்த உணவு இப்போது கிடைக்கிறது. மருத்துவரைக் கேட்டு அதை வாங்கலாம். மீனே உண்டு பழகிய பூனைக்கு முள் நீக்கி வேகவைத்த வெள்ளை மீன் கொடுக்கலாம். கொழுப்பு மிகுந்த மத்தியும் உப்பு மிகுந்த கருவாடும் இந்நாட்களில் ஆகா.

பத்தியம் மட்டும் போதாத நேரங்கள்

சில அடையாளங்களைக் கண்டால் அடுப்பை மூட்டிக்கொண்டு நிற்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவையாவன:

வளர்ந்த பூனை ஒரு நாள் முழுவதும், குட்டியானால் அரை நாள் எதுவும் உண்ணாதிருத்தல், ஓயாத வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், ஈறு வெளுத்தல் அல்லது மஞ்சளித்தல், ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமை, நூலையோ எலி மருந்தையோ விழுங்கியதாக ஐயம். வாயிலிருந்து நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது, குடல் கிழிந்துவிடும். பூச்சாடிகளில் வைக்கும் லில்லி மலரின் இதழும் இலையும் மகரந்தமும்கூடப் பூனையின் சிறுநீரகங்களை அழித்துவிடும்.

மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்கலாகாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதும். பூனையின் உடல் வெப்பம் இயல்பாகவே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். நம் கைக்கு அது சுடுவது போலத் தோன்றும்; எப்போதும் காய்ச்சல் என்று பொருளன்று.

நம் பகுதியில் உள்ளோர் மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை அடையலாம். இக்கல்லூரி 1903ஆம் ஆண்டு, அதே ரயில் பாதையிலுள்ள சைதாப்பேட்டையில், 'டாபின் ஹால்' என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் தொடங்கி, 1905இல் வேப்பேரிக்கு மாறியது. கிண்டிக்கு அருகே வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் அமைப்பு உள்ளது. கேப்டன் வி. சுந்தரம் 1959ஆம் ஆண்டு தோற்றுவித்த இவ்வமைப்பு, தெருவில் அடிபட்டும் நோயுற்றும் கிடக்கும் உயிர்களைப் பேணி வருகிறது.

முடிவுரை

மீனுவின் கதைக்கு வருவோம். டாக்டர் அம்மா கோழிக்கறி கொடுக்கச் சொன்ன அந்நாள் தவக்கால வெள்ளி. அன்று விடுதிச் சமையலறையில் இறைச்சி இல்லை, சமைப்பதும் வழக்கமில்லை. தயங்கித் தயங்கிச் சிஸ்டரிடம் சொன்னோம். சிஸ்டர் சிரித்தார்கள். "நோன்பு நமக்குத்தான் பிள்ளைகளே, மீனு எந்த ஒறுத்தலும் எடுத்துக்கொள்ளவில்லையே!" என்று சொல்லிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். சமையற்கார அக்கா மேற்குத் தாம்பரம் கடைத்தெருவுக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். அடுப்பில் மீன் குழம்பு கூட இல்லாத அந்த வெள்ளிக்கிழமையில் ஒரு சின்னச் சட்டி மட்டும் கோழிக்கறி மணத்தோடு கொதித்தது.

முதல் தேக்கரண்டியை மீனு வெகு நேரம் முகர்ந்து கொண்டிருந்தது. நாங்கள் மூச்சுவிடாமல் கதவோரம் நின்றோம். பிறகு மெல்ல நக்கியது. இரவு பத்து மணிக்கு மூன்றாம் முறை கொடுத்தபோது தட்டைத் துடைத்து வைத்தது. திங்கட்கிழமை காலை அரிசி மூட்டையின் மேல் ஏறி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது.

மீனுவிடம் எங்களுக்கு அன்பு இல்லாமல் போகவில்லை. பாலும் தயிர்ச்சாதமும் அன்பினால் கொடுத்தவையே, பாதி மாத்திரை கொடுக்கப் போனதும் அன்பினால்தான். நமக்கு நல்லது பிறவுயிருக்கும் நல்லது என்று எண்ணியதே எங்கள் பிழை. நாம் நேசிக்கும் உயிர் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு எது வேண்டும், எது ஆகாது என்று கேட்டறிந்து செய்வதே உண்மையான தொண்டு. வாய் பேச முடியாத உயிருக்குத் தொண்டு செய்யும் போது இது இருமடங்கு உண்மையாகும். அன்புடன் அறிவையும் சேர்த்துக் கொடுப்போம். நம்மை அண்டி வாழும் உயிர்கள் நலமுடன் வாழட்டும்!

— விடுதி மாணவியர்