ஓட்டக் கணக்கை ஓட விடும் முன்: ஓப்பன்ஃபோமில் ஒரு பைல், சில வரிகள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வோம், படம் பார்ப்போம், இன்டர்நெட்டில் உலாவுவோம். அதே கம்ப்யூட்டரில் குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடும், சுவரில் மோதிய காற்று எப்படித் திரும்பும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இதற்கான சாஃப்ட்வேர்களில் ஓப்பன்ஃபோம் பெயர் பெற்றது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவாகத் தொடங்கி, 2004-ல் ஜி.பி.எல். உரிமத்துடன் இலவசமாக வெளியிடப்பட்டது. லினக்ஸில் நேரடியாக இயங்கும். விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள், டபிள்யூ.எஸ்.எல். வழியாக உபுண்டுவை நிறுவி அதற்குள் இயக்கலாம். வீட்டில் இன்ஜினியரிங் மாணவர் இருந்தால் அவருக்கு இது மிகவும் பயன்படும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற சாஃப்ட்வேர்களைப் போல "இதைத் தேர்ந்தெடுங்கள், ஓகே அழுத்துங்கள்" என்று கேட்கும் விண்டோ எதுவும் வராது. எல்லா அமைப்புகளும் டெக்ஸ்ட் பைல்களில் இருக்கின்றன. அவற்றில் கன்ட்ரோல்டிக்ட் என்ற பைல்தான் கணக்கு எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும், எத்தனை முறை ஹார்ட் டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று சொல்கிறது. இதைப் பார்க்காமல் இரவு முழுவதும் ஓட விட்டால், காலையில் நிறைந்துபோன டிஸ்க்கோ பாதியில் நின்ற கணக்கோதான் காத்திருக்கும். இவற்றைவிட மோசமானது, தவறான விடை அழகான வண்ணப் படமாக வந்து நிற்பது.

ஓப்பன்ஃபோமுடன் வரும் டுடோரியல்ஸ் போல்டரில் கேவிட்டி என்ற பாடம் இருக்கும். அதை அப்படியே உங்கள் சொந்த போல்டருக்கு காப்பி செய்துகொண்டு பழகுங்கள். உள்ளே 0, கான்ஸ்டன்ட், சிஸ்டம் என மூன்று போல்டர்கள் இருக்கும். கன்ட்ரோல்டிக்ட் இருப்பது சிஸ்டம் போல்டரில். இங்கே பெயர்களைத் தமிழில் எழுதினாலும் பைலில் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசமும் முக்கியம். டெல்டாடி என்பதில் கடைசி 'டி' மட்டும் பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். புதியவர்களுக்கு வரும் பிழைச் செய்திகளில் பல இந்த அரைப்புள்ளி விட்டுப்போனதால் வருபவைதான்.

கேவிட்டி கணக்கு எளிமையானது. 0.1 மீட்டர் பக்கம் கொண்ட ஒரு சதுரப் பெட்டி. உள்ளே திரவம். மூன்று பக்கச் சுவர்கள் அசையாது. மேல் மூடி மட்டும் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது. மூடி இழுக்க, உள்ளே இருக்கும் திரவம் சுழலத் தொடங்கும். கம்ப்யூட்டர் இந்தப் பெட்டியை 20-க்கு 20 என்று 400 சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தின் அகலம் 0.005 மீட்டர், அதாவது 5 மில்லிமீட்டர்.

இனி பைலைத் திறப்போம். ஸ்டார்ட்டைம் 0, எண்ட்டைம் 0.5, டெல்டாடி 0.005 என்று இருக்கும். கணக்கு 0-வது நொடியில் தொடங்கி அரை நொடியில் முடிகிறது. நடுவே 0.005 நொடிக்கு ஓர் அடி வீதம் 100 அடிகள். இந்த நொடி பெட்டிக்குள் இருக்கும் திரவத்தின் நொடி, உங்கள் சுவர்க் கடிகாரத்தின் நொடி அல்ல. பெரிய கணக்குகளில் இந்த அரை நொடியை முடிக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு நாள்கூட ஆகலாம்.

அரை நொடி என்று எப்படி முடிவு செய்தார்கள்? மூடி பெட்டியின் அகலத்தைப் பத்து முறை கடக்க 1 நொடி ஆகும். ஓட்டம் ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் கொடுப்பது பொதுவான வழக்கம். ஆனால் இந்தக் கணக்கில் 0.5 நொடியிலேயே மாற்றம் நின்றுவிடுகிறது. உங்கள் சொந்தக் கணக்கிலும் இப்படி ஒரு மதிப்பீட்டில் தொடங்குங்கள். எண்ட்டைமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

டெல்டாடி அப்படியல்ல, அதைத் தோன்றியபடி வைக்க முடியாது. கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் 1928-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த விதி இது. வேகத்தை டெல்டாடியால் பெருக்கிக் கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது கூரன்ட் எண். ஓர் அடியில் திரவம் எத்தனை கட்டங்களைக் கடக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். கேவிட்டியில் 1 × 0.005 ÷ 0.005 = 1. ஐகோஃபோம் என்ற இந்தக் கணக்கீட்டு புரோகிராமில் கூரன்ட் எண் 1-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடி மூடித் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் மூடியிருந்தால் நடுவில் இரண்டு ஸ்டாப்புகள் போயிருக்கும், அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

டெர்மினலில் முதலில் ப்ளாக்மெஷ், அது முடிந்ததும் ஐகோஃபோம் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (2023-ல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் ஒரு கிளையில் ஃபோம்ரன் என்ற பொதுவான கட்டளை வந்துள்ளது. இங்கே சொல்லும் கன்ட்ரோல்டிக்ட் வரிகள் அதற்கும் பொருந்தும்.) திரையில் ஒவ்வோர் அடிக்கும் கூரன்ட் எண்ணின் சராசரியும் அதிக அளவும் ஓடும். இந்தப் பாடத்தில் அதிக அளவு 0.85 அளவில் நிற்கும். மூடியை ஒட்டிய கட்டத்தின் நடுவில் வேகம் 1-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதால் 1 வரவில்லை. இந்த எண் 2, 50, ஆயிரம் என்று ஏறத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தி நிறுத்திவிடுங்கள். விட்டால் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' பிழையோடு அதுவே நின்றுவிடும்.

அப்படி நின்றால்கூட நல்லதுதான், தவறு இருப்பது தெரிந்துவிடுகிறது. நிற்காமல் ஓடி முடித்துத் தவறான விடை தருவதுதான் ஆபத்து. ஆகவே முக்கியமான கணக்கு என்றால் டெல்டாடியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டி, ஒரே இடத்தின் வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் டெல்டாடியால் பெரிய பிழை இல்லை என்று கொள்ளலாம்.

சில கணக்குகளில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். டேம்பிரேக் பாடத்தில் தண்ணீர் மெதுவாகச் சரிந்து பிறகு வேகமாக மோதுகிறது. அங்கே அட்ஜஸ்ட்டைம்ஸ்டெப் என்பதை யெஸ் ஆக்கி, மேக்ஸ்சிஓ என்ற வரியில் எல்லையைக் கொடுத்தால் டெல்டாடியை புரோகிராமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இந்த வசதி ஐகோஃபோமில் கிடையாது. காலத்தோடு மாறாத ஓட்டத்தைத் தேடும் சிம்பிள்ஃபோமில் விஷயமே வேறு. டெல்டாடி 1, எண்ட்டைம் 1000 என்றால் அங்கே 1000 நொடி என்று பொருளல்ல, 1000 சுற்றுகள் என்று பொருள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ரைட்கன்ட்ரோல் டைம்ஸ்டெப், ரைட்இன்டர்வல் 20 என்று பாடத்தில் இருக்கிறது. 20 அடிக்கு ஒருமுறை விடை எழுதப்படும். 0.1, 0.2 என்று தொடங்கி 0.5 வரை ஐந்து போல்டர்கள் உருவாகும். இந்த 20-ஐ யோசிக்காமல் 1 ஆக்கினால் என்ன ஆகும்? பத்து லட்சம் கட்டங்கள் உள்ள முப்பரிமாணக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு வேகம் மூன்று எண், அழுத்தம் ஓர் எண், பக்கங்களின் வழியே பாயும் அளவு சுமார் மூன்று எண். ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம், பைனரி வடிவில் ஒருமுறை எழுத 56 எம்.பி. ஆயிரம் அடிகள் என்றால் 56 ஜி.பி.! ரைட்கம்ப்ரஷன் என்பதை ஆன் செய்தால் பைல்கள் சுருக்கி எழுதப்படும். என்றாலும் ரைட்இன்டர்வலைச் சரியாக வைப்பதே முதல் வேலை.

கரண்ட் போகும் கவலை உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ரைட்கன்ட்ரோலில் க்ளாக்டைம் என்றும் ரைட்இன்டர்வலில் 1800 என்றும் கொடுத்தால், உண்மையான கடிகாரப்படி அரை மணிக்கு ஒருமுறை எழுதப்படும். கரண்ட் போனாலும் இழப்பது ஏறக்குறைய அரை மணி நேர வேலைதான். பர்ஜ்ரைட் 2 என்று வைத்தால் கடைசி இரண்டு போல்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை அழித்துவிடும். 1 என்று வைக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கடைசி போல்டர் அரைகுறையாக இருக்கலாம். அதை அழித்துவிட்டு முந்தியதிலிருந்து தொடங்க இன்னொன்று கையில் வேண்டும். பிறகு ஸ்டார்ட்ஃப்ரம் என்ற வரியில் லேட்டஸ்ட்டைம் என்று மாற்றி ஐகோஃபோமை மீண்டும் இயக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நடுவில் நீங்களே நிறுத்த வேண்டுமா? ரன்டைம்மாடிஃபையபிள் ட்ரூ என்று இருந்தால், கணக்கு ஓடும்போதே பைலைத் திருத்தலாம். ஸ்டாப்அட் வரியில் ரைட்நவ் என்று மாற்றிச் சேமித்தால், நடக்கும் அடியை முடித்து, விடையை எழுதிவிட்டு நிற்கும். மீண்டும் தொடங்கும் முன் அதை எண்ட்டைம் என்று பழையபடி மாற்ற வேண்டும். மறந்தால் ஓர் அடி வைத்துவிட்டு மறுபடி நின்றுகொள்ளும்.

ஒரு வரிக்கு என்னென்ன சொற்கள் பொருந்தும் என்று தெரியாவிட்டால் வேடிக்கையான வழி ஒன்று உண்டு. ஸ்டார்ட்ஃப்ரம் எதிரே 'பனானா' என்று ஆங்கிலத்தில் எழுதி இயக்குங்கள். வாழைப்பழம் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டைம், ஃபர்ஸ்ட்டைம், லேட்டஸ்ட்டைம் ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும் என்று பிழைச் செய்தியிலேயே பட்டியல் தந்துவிடும். வேறு பல வரிகளுக்கும் இது பலிக்கும்.

பயிற்சிக்குக் கட்டங்களை 40-க்கு 40 ஆக்கிப் பாருங்கள். ப்ளாக்மெஷ்டிக்ட் பைலில் 20 20 1 என்பதை 40 40 1 என்று மாற்றி, ப்ளாக்மெஷை மீண்டும் இயக்க வேண்டும். கட்டத்தின் அகலம் பாதியாகிவிடுவதால் டெல்டாடியையும் 0.0025 ஆக்குங்கள். கட்டங்கள் 4 மடங்கு, அடிகள் 2 மடங்கு, ஆக வேலை குறைந்தது 8 மடங்கு. ரைட்இன்டர்வல் 20 என்றே விட்டால் போல்டர்கள் ஐந்துக்குப் பதில் பத்து வரும். அதை 40 ஆக்கிக்கொள்ளுங்கள்.