சாய்ந்தமர்ந்து செல்லும் வண்டிகள் – ஓர் ஒப்பாய்வு

மிதிவண்டி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது ஓர் உருவமே. இரண்டு பெரிய சக்கரங்கள், உயர்ந்த சீட், அதன்மேல் நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் மனிதர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேறு வகை வண்டி எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி ஓட்டும் வண்டியும் உண்டு. மேல்நாட்டார் அதனை ‘ரிகம்பென்ட்’ என்பர். இவ்விரு வகை வண்டிகளின் ஓட்டத்தையும் கையாளும் தன்மையையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு என்னைத் தூண்டியது என் மாமா வண்டியோடு கவிழ்ந்த நிகழ்ச்சியாகும்.

மாமா சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில், தைப்பதற்கு முன் மேல்தோலின் ஓரத்தை மடித்து ஒட்டும் வேலை அவருக்கு. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, பாலத்துச் சரிவில் இறங்கி இடப்பக்கம் திரும்பியபோது வண்டி வலப்பக்கமாகக் கவிழ்ந்தது. தோளில் நல்ல அடி. “பார்த்து ஓட்டக் கூடாதா?” என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் அதையேதான் கேட்டேன். பௌதிகம் பயிலும் மாணவன், வண்டி ஏன் கவிழ்ந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

மாமாவின் வண்டியும் சாய்ந்தமரும் வண்டியே. எனவே அவ்வமர்வின் குணங்களை நானே ஓட்டி அறிய விரும்பினேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு பெரிய சைக்கிளையும் ஒரு சிறுவர் சைக்கிளையும் வெட்டி, நண்பனின் வெல்டிங் பட்டறையில் ஒரு சாய்வு மிதிவண்டியைச் செய்தோம். முன்னே சிறிய சக்கரம், பின்னே பெரியது. பெடல் முன்சக்கரத்திற்கு அருகில். செயின் இரண்டரை செயின்களை இணைத்தது.

முதலில் காற்றைக் காண்போம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்திற்கேற்பக் கூடுகிறது. நிமிர்ந்து அமர்பவரின் மார்பு முழுவதும் காற்றை எதிர்கொள்கிறது. சாய்ந்திருப்பவர் அதற்குக் காட்டும் பரப்பு குறைவு. 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் நகரில் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்ல் மோஷே செய்த சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். 1914இல் ஆஸ்கர் எக் நிறுவிய 44.247 கிலோமீட்டர் சாதனை இவ்வாறு முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல் வரிசை வீரராகக் கருதப்பட்டவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டே உலக மிதிவண்டிச் சங்கம் அவ்வகை வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. எனினும் அதன் ஆற்றல் மறையவில்லை. 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கூடு போர்த்திய சாய்வு மிதிவண்டி ஒன்று மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

ஆடிக் காற்றில் எங்கள் வண்டியை எதிர்திசையில் ஓட்டியபோது இந்த வேறுபாட்டைக் காலே உணர்ந்தது. சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடத்தில் இதில் அமைதியாகச் செல்ல முடிந்தது.

இனிக் குறைகளுக்கு வருவோம். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி நடைபெறுவதை அனைவரும் அறிவோம். அதே முறையில் 20 மீட்டர் தூரத்தை அளந்து ஓட்டினோம். சாதாரண சைக்கிளில் என் நண்பன் 40 விநாடி எடுத்துக்கொண்டான். சாய்வு வண்டியிலோ 12 விநாடிக்கு மேல் நீட்ட முயன்ற போதெல்லாம் காலை ஊன்ற வேண்டியதாயிற்று. நீண்ட துடைப்பக் கழியை உள்ளங்கையில் நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது அரிது. உயரம் குறைந்த பொருள் விரைவில் சாய்வதால், திருத்துவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. தாழ்வாக இருப்பது எப்போதும் நிலையானது என்ற எண்ணம் இரு சக்கர வண்டிக்குப் பொருந்தாது. மேலும், சாய்ந்திருப்பவர் உடலை அசைத்துச் சமநிலை தேட இயலாது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவும் இயலாது.

பள்ளத்தைக் கண்டால் சாதாரண சைக்கிளில் சீட்டைவிட்டுச் சற்றே எழும்புவோம். சாய்வு வண்டியில் அதிர்ச்சி நேரே முதுகில் இறங்குகிறது. சித்திரை வெயிலில் முதுகு நனைவது தனித் துன்பம். ஆவாரம்பட்டையால் பதனிட்ட கெட்டித் தோலை வார்களாகக் கீறி, கயிற்றுக் கட்டில் போல் பின்னிய பிறகே ஓரளவு காற்றோட்டம் கிடைத்தது.

இப்பாடங்களோடு மாமாவின் வண்டிக்கு வருவோம். இரு சக்கர வண்டி வளைவில் உட்புறம் சாய்ந்து கவிழ்ச்சியைத் தவிர்க்கிறது. மூன்று சக்கர வண்டி சாய முடியாது. நிமிர்ந்தபடியே திரும்பியாக வேண்டும். அதற்குத் தாழ்ந்த ஈர்ப்பு மையம் நன்மையே தரும். ஆனால் முன்னே ஒற்றைச் சக்கரம் இருப்பதால், அது கவிழும் கோடு முன்சக்கரத்திலிருந்து ஒரு பின்சக்கரத்திற்குச் சாய்வாகச் செல்கிறது. உடல் முன்னே இருக்க இருக்க அக்கோடு நெருங்கி வருகிறது.

தோல் கிடங்கின் எடை மேடையில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி நிறுத்தோம். பின்சக்கரங்களைப் பலகைமேல் உயர்த்தி மீண்டும் நிறுத்து, ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் கணக்கிட்டோம். மாமா 55 கிலோ, வண்டி 30 கிலோ. பின்சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ.; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 120 செ.மீ. ஈர்ப்பு மையம் முன் அச்சிலிருந்து 80 செ.மீ. பின்னாலும், தரையிலிருந்து 78 செ.மீ. உயரத்திலும் இருந்தது. அவ்விடத்தில் கவிழ்கோடு நடுக்கோட்டிலிருந்து 23.3 செ.மீ. தூரத்தில்தான் உள்ளது. இத்தூரத்தை உயரத்தால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வளைவின் ஆரத்தாலும் பெருக்கினால், கவிழும் வேகத்தின் வர்க்கம் கிடைக்கும். 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த வேகம் மணிக்கு 12.3 கிலோமீட்டர். தெரு வெளிப்புறம் சரிந்திருந்தால் இன்னும் குறையும். பாலத்துச் சரிவில் இறங்கும் வண்டி இதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

சீட்டை 20 செ.மீ. தாழ்த்தினோம். கணக்கின்படி எல்லை 13.5 கிலோமீட்டராக உயர்ந்தது. சீட்டை 9 செ.மீ. பின்னுக்குத் தள்ளியபோது 14 ஆயிற்று. நான் மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த மழையில் பாலத்தின் ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கிச் சுழன்றது. அவ்வண்டியில் கை சுழற்றும் விசை முன்சக்கரத்திற்கே செல்கிறது. அதன்மேல் இருந்த 28 கிலோ பாரம் 24 ஆகக் குறைந்துவிட்டது. சீட்டை முன்னிருந்த இடத்திற்கே கொண்டுவந்தோம்.

அடுத்த வாரம் மாமா சொன்னார்: “டேய், கட்டிலும் வண்டியும் ஒரே உயரமா இருந்துச்சு. கையை ஊனி நகர்ந்துடுவேன். இப்போ வண்டியிலேர்ந்து கட்டிலுக்கு ஏற ஆள் வேணும். லாரிக்காரன் கண்ணுக்கும் நான் தெரியலே.” என் கணக்கில் கட்டிலும் இல்லை, லாரியும் இல்லை. சக்கரங்களுக்கிடையே அகலம் கூட்டலாம் என்றால், வீட்டு வாசல் இடம் தரவில்லை. முடிவில் சீட்டை 10 செ.மீ. மட்டும் தாழ்த்தினோம். எல்லை 12.9 கிலோமீட்டர், ஆதாயம் மணிக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். அந்த உயரத்தில் பிறர் துணையின்றிக் கட்டிலுக்கு மாற அவரால் முடிகிறது. பின்னால் ஒரு கம்பில் சிவப்புக் கொடி கட்டினோம்.

விபத்தை உண்மையில் தவிர்க்கக்கூடியது வேறொன்று. அவ்வண்டிக்கு முன்சக்கரத்தில் மட்டுமே பிரேக் இருந்தது, கட்டையும் தேய்ந்திருந்தது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரேக் வைத்து, ஒரே பிடியில் இயங்கச் செய்தோம். விரைந்து நடப்பவர் மணிக்கு 6 கிலோமீட்டர் செல்வார். அதன் இரு மடங்கை வளைவில் நெருங்கவே கூடாது என்று மாமாவிடம் விளக்கினேன். அவர் சிரித்தார். “பிரேக் பிடிக்கலேன்னு அன்னிக்கே சொன்னேன். யாரும் காதுல வாங்கலே” என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. அத்தகைய பெருமை வாய்ந்த ஊரில் படிக்கும் நாம், வண்டியை அளப்பதற்கு முன் அதை ஓட்டுபவரைக் கேட்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே கற்றேன். மாணவ நண்பர்கள் தத்தம் தெருவில் இத்தகைய வண்டி ஒன்றைக் கண்டால், முதலில் அதன் பிரேக் கட்டையைப் பாருங்கள். அதை மாற்ற அரை மணி நேரம் போதும்.