கோச் இல்லை, டீம் இல்லை, தங்கம் உண்டு

மண்ணரையிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? எதிர்க்காற்று அடித்தால் பெடல் கல்லு மாதிரி கனக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பனியன் கம்பெனி பஸ் மெதுவாக நம்மைத் தாண்டினால், அதன் பின்னால் கொஞ்ச தூரம் சைக்கிள் தானாகப் போகிற மாதிரி இருக்கும். (தயவுசெய்து ட்ரை பண்ணிடாதீங்க. டிரைவர் பிரேக் போட்டா நாம காலி!)

அந்தச் சில விநாடி சுகத்தை வைத்துத்தான் ரோடு சைக்கிளிங் ரேஸே நடக்கிறது. அது புரிந்தால், ஒரு கணித ஆராய்ச்சியாளர் டோக்கியோ ஒலிம்பிக்கில் எப்படித் தங்கம் ஜெயித்தார் என்பதும் புரியும்.

முதலில் காற்று

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிச்சதுதான். காற்றின் எதிர்விசை வேகத்தின் ஸ்கொயருக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான பவர், வேகத்தின் க்யூபுக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 40 ஆக்கினால், காற்றுக்காகச் செலவாகும் பவர் சுமார் 2.37 மடங்கு. நீங்களே போட்டுப் பாருங்க.

முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் வருபவருக்கு இந்தச் செலவு நிறையக் குறையும். இதுக்குப் பேர் டிராஃப்டிங். அதனால்தான் எல்லோரும் பெரிய கூட்டமாக ஓட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் பெலட்டான். தனியாக முன்னால் ஓடியவரைப் பெலட்டான் பெரும்பாலும் கடைசியில் பிடித்துவிடும். ஆனால் மலை ஏறும்போது வேகம் குறைவு. அங்கே பெரிய எதிரி காற்று இல்லை, புவியீர்ப்பு. கூட்டத்தில் இருப்பதன் லாபமும் அங்கே குறைந்துவிடும்.

யார் இந்த அன்னா?

அன்னா கீசன்ஹோஃபர், 1991-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் படித்து, ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2016-ல் முனைவர் பட்டம் வாங்கினார். முதலில் டிரையத்லான் பக்கம் இருந்தவர், காயத்தால் ஓட முடியாமல் போனபோது சைக்கிளுக்கு மாறினார். 2017-ல் லோட்டோ சௌடால் என்ற பெல்ஜியம் டீமில் ப்ரொஃபஷனல் ஒப்பந்தம் கிடைத்தது. அது ஒரு சீசனைத் தாண்டவில்லை. கொஞ்ச காலம் ரேஸையே விட்டார்.

திரும்பி வந்தபோது டீம் இல்லை, கோச்சும் இல்லை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலை பார்த்துக்கொண்டே, பயிற்சி, சாப்பாடு, வெயிலுக்கு உடம்பைப் பழக்குவது எல்லாவற்றையும் தானே படித்துத் திட்டம் போட்டார். 2019 முதல் 2021 வரை ஆஸ்திரியாவின் டைம் ட்ரையல் பட்டம் அவருக்குத்தான். டைம் ட்ரையல் என்றால் கடிகாரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டுவது. அதுதான் அவர் பலம். கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது.

ஜூலை 25, 2021

தூரம் 137 கி.மீ., ஏற்றம் மொத்தம் சுமார் 2,700 மீட்டர். நெதர்லாந்துக்கு நாலு பேர், அதில் இரண்டு பேர் பழைய ஒலிம்பிக் சாம்பியன்கள். ஆஸ்திரியாவுக்கு அன்னா ஒருவர்தான். கடைசி வரை கூட்டத்தோடு போனால் தோல்வி நிச்சயம். அதனால் ரேஸ் ஆரம்பித்ததுமே முன்னால் பாய்ந்தார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். இடைவெளி ஒரு கட்டத்தில் 10 நிமிடத்தை எட்டியது. பெலட்டான் கண்டுக்கவே இல்லை. 41 கி.மீ. மீதம் இருக்கும்போது, கூட இருந்தவர்களையும் மலை ஏற்றத்தில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்தவர்கள், மிச்சமிருந்த இரண்டு பேரைப் பிடித்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தங்கம் என்றே நினைத்து கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அன்னா 1 நிமிடம் 15 விநாடிக்கு முன்பே வந்து தரையில் விழுந்து கிடந்தார். நேரம் 3:52:45. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ.

நமக்கு என்ன?

‘தனியா போனா ஜெயிக்கலாம்’ என்பது பாடம் இல்லை. எந்த ரேஸில் தோற்போம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதை ஓடாமல், தன் பலம் செல்லுபடியாகிற ரேஸாக மாற்றினார். ஆஃபர் லெட்டர் வராமல் உட்கார்ந்திருக்கிற ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்கும்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவருக்குச் சோறு போட்டது சைக்கிள் இல்லை, பல்கலைக்கழக வேலை. பெண்களின் முதல் நிலை டீம்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற விதியே 2020-ல்தான் வந்தது: வருடத்துக்கு 15,000 யூரோ. 2023-ல் அது 32,102 ஆனது. அதற்குக் கீழே இருந்த டீம்களுக்கு அப்போது அந்த விதி இல்லை. திறமை மட்டும் போதாது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தால்தான் அது கேரியர்.

ஒலிம்பிக் ரோடு ரேஸில் இந்தியப் பெண் ஒருவர்கூட இதுவரை ஓட்டியதில்லை. ஆனா நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. ப்ளஸ் டூ முடிந்ததும் அது வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அதுக்குக் காத்து அடிச்சு வைங்க.